ஒன்பதாவது கட்டத்தில் தந்தை பெயர்

அல்மாட்டி, விசாரணைக் காவல்
14 அக்டோபர் 2018

கப்தேஷ் அண்ணாவுக்கு,

நலம் விசாரித்துத் தொடங்குவதுதான் மரியாதை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். அதனால் நேராகவே கேட்டுவிடுகிறேன்: ஒரு கையால் டீயை நீட்டிக்கொண்டு மறு கையால் போலீசுக்குப் போன் செய்ய எங்கே கற்றுக்கொண்டீர்கள்?

உங்கள் குடியேற்ற அலுவலகத்தில் நான் முண்டியடிக்கவில்லை. முப்பத்தேழாம் எண் சீட்டை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்றேன். மூன்றாம் ஜன்னலில் நீங்கள் இருந்தீர்கள். பன்னிரண்டு வருடம் ஆகியும் ஒரே பார்வையில் தெரிந்துவிட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எழுதுவது அப்படியே அப்பாவின் பழக்கம். என் முறை வந்ததும் "அண்ணா, நான்தான் மெய்ராம்" என்றேன். பேனாவைக் கீழே வைக்காமலே "பாஸ்போர்ட்ல நுழைவு முத்திரை எங்க?" என்றீர்கள். எல்லைச் சந்தைக்கான ஒரு நாள் அனுமதிச் சீட்டில் வந்தேன், திரும்பிப் போகவில்லை என்று உள்ளதைச் சொன்னேன். "உள்ள வந்து உக்காரு, டீ குடி" என்றீர்கள். டீ ஆறுவதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் வந்துவிட்டார்கள்.

ஏன் வந்தேன் என்று நீங்கள் கேட்கவே இல்லை. அப்பாவை ஏப்ரலில் கூட்டிப் போனார்கள். எழுபத்திரண்டு வயது மனிதரை முகாமில் அடைத்துவிட்டு, 'படிக்க' அனுப்பியிருக்கிறோம் என்கிறார்கள். செப்டம்பரில் ஊர் அதிகாரி வீட்டு வாசலில் வந்து நின்று, "நுர்பேயிஸோட மகன் பேரு அடுத்த பட்டியல்ல இருக்குப்பா. மாத்துத் துணி ரெண்டு எடுத்து வச்சுக்க" என்றான். கனிவாகத்தான் சொன்னான். வீட்டில் இருக்கும் ஒரே மகன் நான். மறுநாளே சந்தைக்குக் கிளம்பிவிட்டேன்.

அடைக்கலம் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். எல்லையை மீறியதற்கு வழக்கு தனி. மனு தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். போனைச் சாட்சியப் பொருள் என்று எடுத்துக்கொண்டார்கள், அதனால்தான் கடிதம். வக்கீல் அசெம் தன் பையில் வைத்துக் கொண்டுவந்து தருவார். நல்ல பெண், ஆனால் ஓயாத ஜலதோஷம்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்புங்கள். உங்கள் மேல் கோபம் இருக்கிறது என்பதற்காகக் கால் குளிராமல் இருக்குமா?

மெய்ராம்


தாஸ்புலாக்
22 அக்டோபர் 2018

தம்பி மெய்ராமுக்கு,

காலுறை மூன்று ஜோடி, உப்புத் தயிர் உருண்டை ஒரு பை, சோப்பு இரண்டு, உன் அண்ணி பின்னிய கம்பளிச் சட்டை ஒன்று. பொட்டலத்தைப் பிரித்ததும் சரிபார்த்துக்கொள்.

உன் கேள்விக்குப் பதில். என் ஜன்னலுக்கு மேலே கேமரா இருக்கிறது. முத்திரை இல்லை என்று நீ வாய்விட்டுச் சொன்ன நிமிடத்திலிருந்து நான் அதை அறிந்தவன். அறிந்தும் தெரிவிக்காமல் உன்னை வீட்டுக்கு அழைத்துப் போயிருந்தால் நீ 'ஒளிந்திருந்தவன்' ஆகியிருப்பாய். இப்போது நீ 'தானே முன்வந்து ஆஜரானவன்'. இந்த ஒரு வார்த்தை மாறியதால் திரும்பிப் போனவர்களை இருபத்தொரு வருடமாக இந்த ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். உன் நன்மைக்குத்தான் செய்தேன்.

மேலே எழுதியதை மூன்று தரம் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதையெல்லாம் யோசித்தா போனை எடுத்தேன் என்றால், தெரியவில்லை. கை தானாகப் போயிற்று. நான் போன் செய்த முதல் ஆள் நீ இல்லை, மெய்ராம். போன வசந்தத்தில் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அவளுக்கும் டீ கொடுத்தேன். அவர்கள் இப்போது எல்லைக்கு எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது.

உன் அண்ணி ராய்ஹான் அன்றிலிருந்து என்னிடம் பேசுவதில்லை. தட்டை வைக்கிற சத்தத்திலேயே சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறாள்.

ஒரு விவரம் வேண்டும். மனுவில் ஒன்பதாவது கட்டம், தந்தை பெயர். அதில் என்ன எழுதினாய்? சும்மாதான் கேட்கிறேன். அலுவலகப் பழக்கம்.

கப்தேஷ்


அல்மாட்டி
3 நவம்பர் 2018

அண்ணாவுக்கு,

காலுறை வந்தது. சட்டைக்குக் கழுத்து இறுக்கம்; என் தலை எவ்வளவு பெரியது என்று அண்ணிக்கு நினைவில்லை போலிருக்கிறது. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்பதாவது கட்டத்தில் நுர்பேயிஸ் என்று எழுதினேன். வேறு என்ன எழுதுவேன்?

விசாரித்தவர் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. வாய் சிரித்தாலும் பேனா சிரிக்காத ரகம். நான் கசாக்தானா என்று பார்க்க, "உங்க ஏழு தலைமுறை முன்னோர் பேரைச் சொல்லுங்க" என்றார். நுர்பேயிஸில் தொடங்கி மூச்சுவிடாமல் சொன்னேன். "போதும், பாஸ்" என்றார். சட்டப் புத்தகத்தில் அப்படி ஒரு பரீட்சை இருக்கிறதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிறகு, "அப்பாவைப் பிடிச்சா உங்களை எதுக்குப் பிடிப்பாங்க?" என்றார். பட்டியலில் 'நுர்பேயிஸின் மகன்' என்றே எழுதியிருக்கிறது, அவர் மகன் நான், அது போதாதா என்றேன். அதை அப்படியே எழுதிக்கொண்டார். அசெம் தும்மலுக்கு நடுவே "நல்லாப் போச்சு" என்றார்.

நீங்கள் 'சும்மா' கேட்கிறவர் இல்லை. அதனால் நானும் சொல்லிவிடுகிறேன். ஊருக்கே தெரிந்தது எனக்கு மட்டும் தெரியாமல் போகுமா? பள்ளிக்கூடத்தில் "அண்ணி பெத்த தம்பி" என்றுதான் என்னைக் கேலி செய்வார்கள். ஒன்பது வயதில் அப்பாவிடமே கேட்டேன். வேலிக்குக் கம்பி முறுக்கிக்கொண்டிருந்தார். நிமிராமலே, "நீ நடக்க ஆரம்பிச்சப்ப சடங்கு வச்சு உன் கால்ல கட்டின கயித்தை அறுத்தது யாரு?" என்றார். நீங்க என்றேன். "கால் உடைஞ்சப்ப ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினது?" நீங்க. "அப்புறம் என்னடா கேள்வி?" அவ்வளவுதான், அந்தப் பேச்சு அன்றோடு முடிந்தது.

2006இல் நீங்கள் ஊருக்கு வந்தபோது நடந்ததும் நினைவிருக்கிறது. விருந்தில் வேகவைத்த ஆட்டுத்தலையைக் கத்தியோடு உங்கள் முன் வைத்தார்கள். "அப்பா உயிரோட இருக்கறவன் ஆட்டுத்தலையில கத்தி வைக்கலாமா?" என்று சொல்லித் தட்டை அப்பா பக்கம் தள்ளினீர்கள். அவர் அதை அறுத்து, பிள்ளைக்கு உரிய காதை எனக்குக் கொடுத்தார். அன்றைக்கு அந்த வரிசையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதில் எனக்கு ஒரு குழப்பமும் இல்லை. உங்களுக்கு இருந்ததா?

மெய்ராம்


தாஸ்புலாக்
20 நவம்பர் 2018

மெய்ராம்,

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் வெறும் பெயரை எழுதியிருக்கிறேன். நேற்று நகரத்துக்கு வந்து நோட்டரி முன்னால் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். நீ என் மகன் என்று.

கோபப்படுமுன் காரணத்தைக் கேள். இந்த நாட்டுக் குடிமகனின் தம்பிக்குச் சட்டத்தில் ஓர் இடமும் கிடையாது. மகனுக்கு உண்டு. அடைக்கல மனுக்களில் நூற்றுக்கு எத்தனை தேறுகிறது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. ஒரு கதவு மூடினால் இன்னொன்று திறந்திருக்கட்டும் என்றுதான் செய்தேன். அசெமிடம் கேட்கவில்லை. அவள் பிறந்த காலத்திலிருந்து இந்தக் காகிதங்களோடு இருக்கிறவன், போயும் போயும் அவளிடமா கேட்பேன்?

ஆதாரம் வேண்டுமே. 1989இல் கம்யூன் ஆஸ்பத்திரியில் கொடுத்த பிரசவச் சீட்டு தொலைந்துபோயிற்று என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ராய்ஹானிடம் விஷயத்தைச் சொன்னேன். எழுந்துபோய்த் தன் தலையணை உறையின் தையலைப் பிரித்தாள். சீட்டு உள்ளே இருந்தது. மங்கிய எழுத்தில் அவள் பெயர், ஆண் குழந்தை, மூன்று கிலோ நானூறு. ஒரு மாதம் கழித்து அன்றைக்குத்தான் என்னிடம் வாய் திறந்தாள். "இப்பவாவது எழுதுங்க" என்றாள்.

மூத்த பிள்ளையைத் தாத்தா மடியில் போடுவது நம் வழக்கம். போட்ட பிள்ளையைத் திரும்பக் கேட்பதில்லை, 'என் பிள்ளை' என்று வாயால் சொல்வதும் இல்லை. 1996இல் குடியுரிமைப் படிவம் நிரப்பும்போது 'குழந்தைகள்' என்ற இடத்தில் இங்கே வந்து பிறந்த மகளை மட்டும் எழுதினேன். உன்னைத் 'தம்பி' என்று எழுதினேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவே இல்லை. உன்னை மகன் என்று எழுதியிருந்தால்தான் அப்பாவுக்குத் துரோகம் செய்தது போலிருந்திருக்கும். நீ பிறந்த நாற்பதாம் நாள் அவர் கம்பளத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். நான் கொடுத்தேன். ராய்ஹான் அடுப்படியில் இருந்தாள். அவளை யாரும் கேட்கவில்லை.

நேற்றுக் கையெழுத்துப் போடும்போது சந்தோஷமாக இருந்தது. ஐம்பத்தொரு வயதில் இப்படிச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் அதுதான் நிஜம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "எனக்கு ஒரு மகன் இருக்கான், இருபத்தொம்பது வயசு" என்று சொன்னேன். அவர் தன் மகனின் மோட்டார் சைக்கிளைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

கப்தேஷ்


அல்மாட்டி
5 டிசம்பர் 2018

அண்ணாவுக்கு,

ஆமாம், அண்ணாவுக்குத்தான்.

கண்ணாடிப் பெண்மணி மறுபடி வந்தார். மேஜையில் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று என் மனு, இன்னொன்று உங்கள் வாக்குமூலம்.

"இதுல உங்க அப்பா யாரு?"

"நுர்பேயிஸ்."

"அப்ப இந்தக் கப்தேஷ் பொய் சொல்றாரா?"

நான் இரண்டு காகிதங்களையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"சரி, அவரு சொல்றது நிஜம்னே வச்சுக்குவோம். நீங்க நுர்பேயிஸோட பேரன். பட்டியல்ல இருக்கறது நுர்பேயிஸோட மகன். அது உங்க அண்ணன்... மன்னிக்கணும், உங்க அப்பா. அவரு இருபத்தி நாலு வருஷமா இங்க பத்திரமா இருக்காரே. அப்ப உங்களுக்கு என்ன ஆபத்து?"

அண்ணா, எனக்குத் தலை சுற்றியது. அவர் கெட்டவர் இல்லை. கிண்டலும் செய்யவில்லை. நிஜமாகவே புரிந்துகொள்ளப் பார்த்தார். நான் பதில் சொல்லச் சொல்ல அவருக்கும் குழப்பம் கூடியது. நம் வழக்கத்தைச் சொன்னேன். "எங்க ஊர்லயும் உண்டு, எனக்குத் தெரியும். ஆனா இந்தப் படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லையே" என்றார். ஒன்று பொய் என்று முடிவானால் என் மனு முழுவதும் நம்பத் தகாதது ஆகிவிடுமாம். விசாரணையைப் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிவைத்திருக்கிறார்கள்.

உங்கள் இன்னொரு கதவு இருக்கிறதே, அதைப் பற்றியும் அசெமிடம் கேட்டேன். முத்திரையோடு வந்த மகனுக்குத்தான் அந்தக் கதவாம். முத்திரை இல்லாதவனை அடைக்கல மனு ஒன்றுதான் இங்கே பிடித்து வைத்திருக்கிறதாம். அது போனால், உங்கள் கோப்பைத் திறப்பதற்கு முன்னாலேயே நான் எல்லையில் நிற்பேன். அசெம் அழாத குறைதான். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

யார் கேட்டார்கள் உங்களை? இருபத்தொன்பது வருடம் சும்மா இருந்துவிட்டு, அவர் உள்ளே இருக்கும் நேரமாகப் பார்த்தா அவர் பெயரை என்னிடமிருந்து எடுப்பீர்கள்? அவர் அங்கே எந்த அறையிலோ உட்கார்ந்திருக்கிறார். வெளியே மகன் இருக்கிறான் என்பது ஒன்றுதான் அவரிடம் மிச்சம். இங்கே நான் 'அவர் என் அப்பா இல்லை' என்று கையெழுத்துப் போட வேண்டுமா? எந்த மகன் செய்வான்?

இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதுகிறேன். உங்கள் வாக்குமூலத்தின் நகலை எனக்கும் கொடுத்தார்கள். நான்கு தரம் படித்தேன். நான்காம் தரம் பாதியிலேயே நிறுத்த வேண்டியிருந்தது. அது கோபமா வேறு ஏதாவதா என்று எனக்கே பிடிபடவில்லை.

மெய்ராம்


தாஸ்புலாக்
19 டிசம்பர் 2018

மெய்ராம்,

நீ எழுதியதெல்லாம் சரி. என் ஜன்னலுக்கு வருகிறவர்கள் முத்திரையோடு வருகிறவர்கள். முத்திரை இல்லாதவர்களின் கதை என் போனோடு முடிந்துவிடும். அதனால் அந்த அடுத்த பக்கத்தை நான் படித்ததே இல்லை. இருபத்தொரு வருடம் இருந்துவிட்டு இதைச் சொல்கிறேன்.

என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மேலதிகாரி 1996 படிவத்தையும் புது வாக்குமூலத்தையும் எடுத்துப் போட்டு, "இதுல எது பொய், கப்தேஷ்?" என்றார். "ரெண்டும் நிஜம்" என்றேன். அவர் என் பழைய நண்பர், மகள் கல்யாணத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டவர். "யோவ், கட்டத்துல ஒரு டிக்தான் போட முடியும்" என்றார். அவர் சொன்னதும் சரிதான். எத்தனையோ பேரிடம் இதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன்.

இனி இரண்டு வழி. இரத்தப் பரிசோதனைக்குச் சம்மதித்தால் நீ யார் என்பது நிரூபணமாகும். நிரூபித்த கையோடு உன்னைத் திருப்பி அனுப்புவார்கள். இல்லையென்றால் வாக்குமூலத்தை நான் வாபஸ் வாங்க வேண்டும். ராய்ஹான் "டெஸ்ட் எடுங்க, இரத்தம் சொல்லட்டும்" என்கிறாள். மறுநாள் "வேணாம், அவன் இங்க இருந்தாப் போதும்" என்கிறாள். நேற்று இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள்.

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நீ என்ன செய்யச் சொல்கிறாய்?

கப்தேஷ்


அல்மாட்டி
11 ஜனவரி 2019

அண்ணா,

என்னைக் கேட்கிறீர்களா? நாற்பது நாள் குழந்தையாக இருந்தபோது யாரும் கேட்கவில்லை, நவம்பரிலும் கேட்கவில்லை. "எந்த அப்பா வேணும் உங்களுக்கு?" என்று அசெமும் கேட்டார். ரெண்டு பேரும் வேணும் என்றேன். "அதுக்குச் சட்டம் இல்ல" என்றார்.

எனக்குத் தெரியவில்லை. சட்டைக் கழுத்து தளர்ந்துவிட்டது என்று அண்ணியிடம் சொல்லுங்கள்.

மெய்ராம்


தாஸ்புலாக்
27 ஜனவரி 2019

தம்பி,

உட்கார்ந்து படி.

அப்பா போய்விட்டார். டிசம்பர் நடுவிலேயே. சந்தைக்கு வருகிற துணி வியாபாரி ஒருவர் இந்த வாரம்தான் சொன்னார். நெஞ்சுவலி என்று சொல்லி ஊருக்கு உடலை அனுப்பினார்களாம். நாலு பேரை மட்டும் அடக்கத்துக்கு விட்டார்களாம். உன் பள்ளித் தோழன் ஒருவனும் அதில் இருந்தானாம், பெயர் சொல்லவில்லை. அவ்வளவுதான் தெரியும். எப்படிப் போனார், கடைசியில் யாரைக் கேட்டார், ஒன்றும் தெரியாது.

இங்கே எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். ஆடு அறுத்துத் துஆ ஓதினோம். சாப்பாட்டில் தலையைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். இத்தனை வயசுக்கும் எத்தனை விருந்தில் எத்தனை தலையைத் தள்ளி வைத்திருக்கிறேன்; தள்ளுவதற்குக் கை தானாகப் போயிற்று. பக்கத்து வீட்டு ஸெய்தாலி மெல்ல என் மணிக்கட்டைப் பிடித்து, "இனி நீதாம்பா எடுக்கணும்" என்றார். கத்தியை எடுத்தேன். அப்பா போனது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லார் முன்னாலும் அழுதேன்.

நீ இருக்கிற காவலில் உன் முன்னால் யாரும் தலையை வைத்துக் கத்தியைக் கொடுக்கப்போவதில்லை. அந்த மட்டில் எனக்கு நிம்மதி.

கப்தேஷ்


அல்மாட்டி
6 பிப்ரவரி 2019

அண்ணா,

அசெம் கடிதத்தை என் கையில் கொடுத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றார். படித்து முடித்ததும் தன் கைக்குட்டையை நீட்டினார். ஜலதோஷக்காரியின் கைக்குட்டை. வாங்கிக்கொண்டேன்.

இப்போது எல்லாம் சுலபமாகிவிட்டது என்று யாராவது நினைக்கலாம். போனவர் போய்விட்டார், இருக்கிறவரை அப்பா என்று சொல்லிவிட்டுப் போகலாமே என்று. கண்ணாடிப் பெண்மணி நேற்று அப்படித்தான் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார். முடியாது என்றேன். உயிரோடு இருந்தால் அவரே சண்டை போட்டுத் தன் மகனைத் திரும்ப வாங்கிக்கொள்வார். இப்போது அவருக்காகச் சண்டை போட நான் ஒருவன்தான். நான் நுர்பேயிஸின் மகன் என்றே சொல்லப்போகிறேன். திருப்பி அனுப்பினாலும் அப்படியே போகிறேன்.

உங்கள் காகிதம் அப்படியே இருந்தால் இது பொய் ஆகும். அதை நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

மெய்ராம்


தாஸ்புலாக்
25 பிப்ரவரி 2019

தம்பி மெய்ராமுக்கு,

வெள்ளிக்கிழமை வாபஸ் வாங்கிவிட்டேன். நான்கு வரி: 'மெய்ராம் என் மகன் என்று நான் கொடுத்த வாக்குமூலம் பொய். அவன் நுர்பேயிஸின் மகன், என் தம்பி. அவனுக்குக் காகிதம் கிடைக்க வேண்டும் என்பதற்காகப் பொய் சொன்னேன். இதன் விளைவுகளை ஏற்கிறேன்.' எத்தனையோ பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன், ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியது இது ஒன்றுதான். முன்கூட்டியே அசெமிடம் சொன்னேன். "மூக்கு அடைச்சா எனக்குக் காதும் கேக்காது. நீங்க சொன்னது எதுவும் கேக்கல" என்றாள். இந்தத் தரம் கேட்டுவிட்டுத்தான் செய்தேன் என்பதற்காகச் சொல்கிறேன்.

சீட்டில் ராய்ஹான் பெயர் இருந்ததால் அவளும் வர வேண்டியிருந்தது. வேண்டாம், எழுதிக் கொடுத்தால் போதும் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. புது முக்காடு போட்டுக்கொண்டு வந்தாள், கல்யாணத்துக்கு வருகிறவள் மாதிரி. உன் கண்ணாடிப் பெண்மணிதான் இருந்தார்.

"மெய்ராம் உங்களுக்கு என்ன வேணும்?"

"கொழுந்தன்" என்றாள். ஒரு நொடி கூடத் தயங்கவில்லை.

"அப்ப இந்தப் பிரசவச் சீட்டு?"

"அது எனக்குன்னு இல்லாமப் போன பிள்ளையோடது."

அந்தப் பெண்மணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். பிறகு ஒன்றும் கேட்காமல் எழுதிக்கொண்டார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. சீட்டைத் திருப்பித் தர முடியாது, கோப்பில் இருக்க வேண்டும் என்றார். வெளியே படிக்கட்டில் ராய்ஹான் உட்கார்ந்துவிட்டாள். "பெத்து நாப்பதாம் நாளும் இப்படித்தான் வெறுங்கையோட உக்காந்திருந்தேன்" என்றாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வேலை போய்விட்டது. பொய் வாக்குமூலத்துக்கு அபராதம். ஒரு வருடம் மாவட்டத்தைத் தாண்டக் கூடாது என்று உத்தரவு. இதெல்லாம் பெரிய விஷயம் இல்லை. மூன்றாம் ஜன்னலில் வேறு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், சின்னப் பையன். டீ கொடுக்கிறானா தெரியவில்லை.

நம் வழக்கப்படி பார்த்தால் நான் முதலில் எழுதிக் கொடுத்ததுதான் பொய், இப்போது எழுதியதுதான் உண்மை. அப்படியானால் உண்மையைச் சொன்னதற்கு ஏன் இப்படி வலிக்கிறது? முதல் தரம் உன்னைக் கொடுத்தபோது அப்பா கையை நீட்டினார், கொடுத்தேன். இந்தத் தரம் யாரும் கை நீட்டவில்லை. நானாகக் கொடுத்தேன். அதை மட்டும் நீ தெரிந்துகொண்டால் போதும்.

உன் அண்ணன்
கப்தேஷ்


அல்மாட்டி
21 ஏப்ரல் 2019

அண்ணாவுக்கும் அண்ணிக்கும்,

இந்தக் கடிதத்தை நானே தபால் நிலையத்துக்குப் போய்ப் போடப்போகிறேன். கடையில் நின்று உறை வாங்கினேன். வெளியே வந்துவிட்டேன் என்பதை இப்படிச் சொன்னால்தான் எனக்கே நம்பிக்கை வருகிறது.

எல்லை வழக்குக்கு, உள்ளே இருந்த மாதங்களையே தண்டனையாகக் கழித்துவிட்டார்கள். அடைக்கலம் ஒரு வருடத்துக்கு. பிறகு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். நகரத்தை விட்டுப் போகக் கூடாது, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கையெழுத்து. ஒரு வருடம் கழித்து என்ன என்று கேட்டேன். கண்ணாடிப் பெண்மணி, "எனக்கே தெரியாதுங்க" என்றார். சான்றிதழில் தந்தை பெயர் நுர்பேயிஸ், காலமானார் என்று இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழை இல்லை, நீங்கள் பார்த்தால் திருப்திப்படுவீர்கள். இப்போதைக்கு நாம் நேரில் பார்த்துக்கொள்ள வேண்டாம் என்று அசெம் சொல்கிறார். யாராவது எதையாவது கிளறுவார்களாம். அண்ணி தனியாக வந்தாலும் வேண்டாம் என்கிறார்.

தங்கியிருப்பது ஓரல்பெக் என்ற கார் மெக்கானிக் வீட்டில். அவரும் அந்தப் பக்கத்திலிருந்து வந்தவர்தான், உங்கள் வயசு. என் சான்றிதழை அவரே நகல் எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார், போலீஸ் வந்தால் தேட வேண்டாமாம்.

நேற்று எனக்காக ஆடு அறுத்தார். பட்டறை ஆட்கள், அக்கம்பக்கத்தார், அசெம், பத்துப் பன்னிரண்டு பேர். தட்டு வந்தது. தலை. மூக்கு என் பக்கம் பார்த்தபடி வைத்து, கத்தியை என் கையில் கொடுத்தார். "நீதான் இன்னைக்கு விருந்தாளி. அப்பாவும் இல்லேன்னு ஆயிருச்சு. எடுப்பா, தப்பில்ல" என்றார். எல்லாரும் கையை விரித்து அப்பாவுக்காகத் துஆ கேட்டார்கள். நானும் கேட்டேன்.

கத்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவில் அந்தக் காகிதம் தெரிந்தது. அதில் இருப்பது உண்மைதான். அதற்காக ஏழு மாதம் உள்ளே இருந்தேன், திருப்பி அனுப்பினாலும் சரி என்றேன். இனியும் கேட்டால் அதையேதான் சொல்வேன். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் தட்டை ஓரல்பெக் பக்கம் தள்ளினேன்.

"நான் தொடக் கூடாது, அண்ணே. என் அப்பா உயிரோட இருக்காரு" என்றேன்.

ஓரல்பெக் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். அசெமுக்குத் திடீரென்று பெரிய தும்மல் வந்தது. காதில் எதுவும் விழவில்லை என்று அவர் சொல்லாமலே எனக்குப் புரிந்தது. ஓரல்பெக் கத்தியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "அப்பாக்கு நீண்ட ஆயுசு கிடைக்கட்டும்" என்றார். காதை அறுத்து என்னிடம் கொடுத்தார். தின்றேன்.

அண்ணிக்கு இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் தம்பி
மெய்ராம்